தொண்ணூறு மீட்டர் நாடாவும் அம்மாவின் வாய்ஸ் மெசேஜும்

நேற்றுக் காலையில் அம்மா ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். 4 நிமிடம் 11 விநாடி. ரேஷன் கடையில் பருப்பு இன்னும் வரவில்லை, ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, ஒன்று கருப்பு ஒன்று செவலை, குவைத்திலிருந்து தம்பி ராத்திரி வீடியோவில் வந்தான், முகம் வாடிப்போய் இருக்கிறது, நீ அண்ணன்காரன் என்ன ஏதென்று ஒரு வார்த்தை கேளு, கண்மாயில் தண்ணீர் கழுங்கு வரைக்கும் நிற்கிறது, அப்பாவுக்கு முட்டு வலி பரவாயில்லை. நடுவில் பக்கத்து வீட்டுப் பிள்ளையை "அங்கிட்டுப் போய் விளையாடு" என்று விரட்டுவதும் இருந்தது. பரமக்குடிப் பக்கத்துக் கிராமத்தில் திண்ணையில் உட்கார்ந்து அவள் பேசியதை நான் கிண்டி ஸ்டேஷனில் மின்சார ரயிலுக்கு நின்றுகொண்டே கேட்டேன். பேசி முடித்து அவள் அனுப்பியதற்கும் என் பையில் போன் அதிர்ந்ததற்கும் நடுவில் இரண்டு மூன்று விநாடிகூட ஆகியிருக்காது.

போன் இவ்வளவு மெல்லியதாகிவிட்டது, கேமரா இப்படிப் படம் எடுக்கிறது என்று எல்லோரும் ஆச்சரியப்படுகிறார்கள், அதெல்லாம் ஆச்சரியம்தான். ஆனால் எனக்கு உடம்பு சிலிர்ப்பது குரலை நினைக்கும்போது. எங்கள் வீட்டில் ஒருவர் குரல் இன்னொருவர் காதுக்குப் போய்ச் சேர 40 நாள் ஆன காலம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, எனக்கு இன்னும் 45 வயதுகூட ஆகவில்லை.

அப்பா 1987-ல் சவுதிக்குப் போனார். தம்மாமில் எலக்ட்ரீசியன் வேலை. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் போன் இருந்தது வாத்தியார் வீட்டில் மட்டும். அவர் வீட்டு நம்பரைத்தான் எல்லோரும் பி.பி. நம்பர் என்று எழுதிக் கொடுப்பார்கள். அங்கிருந்து பேச அப்பாவுக்குக் கட்டுப்படியாகாது, இங்கிருந்து பேசுவதென்றால் பரமக்குடிக்குப் பஸ் ஏறி எஸ்.டி.டி. பூத்துக்குப் போக வேண்டும். கண்ணாடிக் கூண்டுக்குள் நுழைந்தால் தலைக்கு மேல் சிவப்பு எண்கள் ஓட ஆரம்பிக்கும், அம்மா அந்த எண்களைப் பார்த்துக்கொண்டே பேசுவாள், பாதி வார்த்தை வாய்க்குள்ளேயே நின்றுவிடும். வெளியே வந்த பிறகு "கேட்க வந்ததைக் கேட்கவே இல்லையே" என்பாள். எனக்குத் தெரிந்து அவள் அந்தக் கூண்டுக்குள் ஒருமுறைகூட நிம்மதியாகப் பேசியதில்லை.

அதனால் எங்கள் வீட்டில் பேச்சு என்றால் கேசட்தான். வளைகுடாவுக்கு ஆள் போன ஊர்களில் பிறந்தவர்களுக்கு இது விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அப்பா முதல் லீவில் வந்தபோது ஒரு டூ-இன்-ஒன் வாங்கி வந்தார், ரேடியோவும் டேப்பும் சேர்ந்தது. கடிதம் எழுதுவதற்குப் பதில் அவர் 60 நிமிடக் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவார். நாங்கள் கேட்டுவிட்டு, அதே கேசட்டில் அதன் மேலேயே பேசி, திரும்பிப் போகிற ஆளிடம் கொடுத்தனுப்புவோம். ஆள் கிடைத்தால் 20 நாள், கிடைக்காவிட்டால் 40 நாள். கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் தடுப்பை உடைத்துவிட்டால் அதற்குப் பிறகு அதில் பதிய முடியாது, பாட்டுக் கேசட்டெல்லாம் அப்படித்தான் வரும். எங்கள் கேசட்டுகளில் அந்தத் தடுப்பை யாரும் தொடமாட்டோம். புதுக் கேசட் வாங்குவது செலவு.

சிவப்புப் பொத்தானையும் பிளே பொத்தானையும் ஒன்றாக அழுத்த வேண்டும், அது என் வேலை. அம்மா கூச்சப்பட்டுக்கொண்டு செய்தி வாசிப்பதுபோல் பேசுவாள். அப்பத்தா அப்படி இல்லை. டேப்புக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அது ஏதோ அப்பாவின் முகம் என்பதுபோல் குனிந்து, "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்பாள். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பாள். பதிலுக்குக் காத்திருப்பாள். நாடா சுற்றிக்கொண்டே இருக்கும், எங்கேயோ சேவல் கூவும், தெருவில் சைக்கிள் மணி கேட்கும், பிறகு ஏதோ பதில் வந்துவிட்டதுபோல் தலையை ஆட்டி "சரி சரி, நேரத்துக்குச் சாப்பிடு" என்று அடுத்ததற்குப் போவாள். "அப்பத்தா, அது பதில் சொல்லாது, நீ பேசிக்கிட்டே இரு" என்று நான் எத்தனை தடவை சொன்னாலும் கேட்கமாட்டாள். கேட்ட கேள்விக்கு எதிராளி பதில் சொல்ல நேரம் கொடுக்க வேண்டும், அதுதான் அவளுக்குத் தெரிந்த பேச்சு.

பின்னாளில் அப்பா ஒன்று சொன்னார். அவர் அறையில் எட்டுப் பேர் தங்கியிருந்தார்களாம், எங்கள் கேசட் வந்தால் எட்டுப் பேரும் சேர்ந்து கேட்பார்களாம், பேச்சைவிட அந்தச் சேவல் சத்தத்துக்காகவே மறுபடி சுற்றிவிட்டுக் கேட்பார்களாம்.

1991 வருகிறது. முந்தின ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்திருந்தது, ஜனவரியில் சண்டை தொடங்கிவிட்டது. எங்கள் ஊருக்குச் செய்தி என்றால் இரவு பிபிசி தமிழோசை. அதே டூ-இன்-ஒன்னில், பேட்டரிக் கட்டைகளைப் பகலில் வெயிலில் காயவைத்து எடுத்துப் போட்டுக் கேட்போம். பிப்ரவரி 25-ம் தேதி தஹ்ரானில் அமெரிக்க ராணுவத்தினர் தங்கியிருந்த கட்டடத்தில் ஸ்கட் ஏவுகணை விழுந்து 28 பேர் இறந்துபோனார்கள். தஹ்ரான், தம்மாமுக்குப் பக்கத்து ஊர். அதற்குப் பிறகு 13 நாள். கடிதம் இல்லை, கேசட் இல்லை, வாத்தியார் வீட்டுப் போனும் அடிக்கவில்லை. அம்மா வேலையெல்லாம் செய்துகொண்டுதான் இருந்தாள், ஆனால் வாத்தியார் வீட்டுப் பக்கம் யார் நடந்து வந்தாலும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். பதினான்காம் நாள் சாயங்காலம் வாத்தியாரம்மா ஓடிவந்து கூப்பிட்டார்கள். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் லைன் துண்டித்துவிட்டது. "நல்லா இருக்கேன்னு சொல்லச் சொன்னாரு" என்று வாத்தியாரம்மா சொன்னார்கள். அந்த நான்கு வார்த்தைதான். அம்மா அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அப்போது எட்டு வயது.

இப்போது 2024 ஜூன் 12. குவைத்தில் மங்காஃப் என்ற இடத்தில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் விடியற்காலையில் தீப்பிடித்தது, 40-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் இறந்துபோனார்கள், அதில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். அம்மா மத்தியானம் டிவியில் பார்த்திருக்கிறாள். தம்பி இருப்பது வேறு பகுதி, ஆனால் டிவியில் குவைத் என்று வந்தால் தாய்க்கு எல்லாம் ஒரே குவைத்துதான். போனை எடுத்து மைக்கை அழுத்தி "ஏய் தம்பி எங்கடா இருக்க" என்று மட்டும் பேசி அனுப்பியிருக்கிறாள். ஒற்றை டிக். இரட்டை டிக். இரட்டை டிக் விழுந்தால் போன் உயிரோடு இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பிறகு மைக் படம் நீலமானது. கேட்டுவிட்டான். அடுத்த நொடி அவனே வீடியோவில் வந்து தான் நிற்கும் வேலையிடத்தைச் சுற்றிக் காட்டினான். எல்லாம் சேர்ந்து 4 நிமிடம். 13 நாள் எங்கே, 4 நிமிடம் எங்கே. அந்த மத்தியானத்தில் இரட்டை டிக் விழாமலே போன வீடுகளும் இருந்தன, அதை நினைத்தால் இதை எழுதவே கை தயங்குகிறது. ஆனால் தம்பியின் முகத்தைப் போனில் பார்த்த அந்த நிமிடத்தில் அம்மாவின் மூச்சு எப்படி இறங்கியது என்பதைப் பக்கத்தில் இருந்த அப்பா சொன்னபோது, இந்தச் சாதனத்துக்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்றுதான் தோன்றியது.

அம்மா பிறந்தது 1963. பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை உலகத்துக்கு முதலில் காட்டியதும் அதே வருடம்தான். அவளுக்கு எட்டு வயதாக இருந்தபோது, 1971-ல், இன்டெல் தன் முதல் மைக்ரோபிராசசரை, அதாவது கணக்குப் போடும் சில்லை, விற்பனைக்குக் கொண்டுவந்தது, அதில் டிரான்சிஸ்டர்கள் என்ற நுண்ணிய சுவிட்சுகள் 2,300. பத்து வயதில், 1973 ஏப்ரலில், நியூயார்க் தெருவில் நின்றுகொண்டு மார்ட்டின் கூப்பர் கையில் பிடித்த மொபைலில் முதல் தடவையாகப் பேசினார், அந்தப் போன் ஒரு கிலோவுக்கு மேல் எடை. 1995 ஜூலை 31-ல் கொல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு டெல்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமோடு பேசியதுதான் நம் நாட்டில் முதல் மொபைல் அழைப்பு. அந்த ஆரம்ப வருடங்களில் கூப்பிட்டாலும் காசு, எடுத்தாலும் காசு. இன்கமிங் இலவசம் ஆனது 2003-ல். இப்போது கடையில் கிடைக்கும் நல்ல போன் ஒன்றின் சில்லில் 1,900 கோடி டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. 2,300 எங்கே, 1,900 கோடி எங்கே, இவ்வளவும் ஒரு பெண் பிறந்து, கல்யாணமாகி, இரண்டு பிள்ளை பெற்று, பாட்டியான காலத்துக்குள்.

குரலுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்ட நாளிலிருந்து என் ஆச்சரியம் இன்னும் கூடிவிட்டது. மொபைல் போன் நம் குரலை அப்படியே தூக்கி அனுப்புவதில்லை. பழைய 2ஜி போன்களின் ஜிஎஸ்எம் முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு விநாடிப் பேச்சை 50 துண்டாக நறுக்குகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் இந்த நேரத்தில் தொண்டையும் வாயும் எந்த வடிவத்தில் இருந்தால் இந்த ஒலி வரும் என்று கணக்குப் போட்டு, அந்தக் கணக்கை 260 பிட்டில் குறிப்பாக எழுதி அனுப்புகிறது. அடுத்த முனையில் இருக்கும் போன் குறிப்பைப் படித்து அந்தக் குரலைத் திரும்பக் கட்டுகிறது. முன்னால் வந்த ஒலிகளிலிருந்து அடுத்த ஒலியை ஊகித்துக் கணக்கிடும் இந்த வழியை வளர்த்தவர்களில் முக்கியமானவர் பிஷ்ணு அடல், கான்பூரில் பிறந்து, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் படித்து, அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். அவர் பெயர் நம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அவர் போட்ட கணக்கின் வாரிசுகள்தான் இன்றைக்கும் கோடிக்கணக்கான அம்மாக்களின் குரலைச் சுமக்கின்றன.

ஒருநாள் ராத்திரி உட்கார்ந்து இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 60 நிமிடக் கேசட்டுக்குள் கிட்டத்தட்ட 90 மீட்டர் நாடா இருக்கும், விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். அதே 60 நிமிடப் பேச்சு அந்த ஜிஎஸ்எம் கணக்கில் 6 எம்பிக்குள் அடங்கிவிடும். அம்மா வைத்திருக்கும் 128 ஜிபி போனில் வேறு எதுவும் இல்லாமல் குரலை மட்டும் நிரப்பினால் இரண்டரை வருடம் ராவும் பகலும் நிறுத்தாமல் பேசிய பேச்சு கொள்ளும். எங்களிடம் அன்றைக்கு இருந்தது ஐந்து கேசட்.

நடுவில் வந்த மெசேஜ் காலத்தைச் சொல்லாமல் விட்டால் முறையாகாது. 2005-ல் கல்லூரியில் சேர்ந்த பிறகு எனக்கு நோக்கியா 1100 கிடைத்தது, தலையில் டார்ச் இருக்குமே அது, மின்சாரம் போனால் எங்கள் ஹாஸ்டலே அதன் வெளிச்சத்தில்தான் சாப்பிடும். ஒரு ரிங் விட்டால் வந்து சேர்ந்தாயிற்று, இரண்டு ரிங் விட்டால் கூப்பிடு. குறுஞ்செய்தி எல்லாம் ஆங்கில எழுத்தில் தமிழ். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து கொள்ளும், தமிழில் என்றால் யூனிகோடு கணக்கில் 70தான், அதுவும் அந்தப் பக்கப் போனில் தமிழ் இல்லையென்றால் வெறும் கட்டம் கட்டமாக வந்து நிற்கும். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 2005-லேயே செல்லினம் என்ற செயலி மூலம் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்துவிட்டார், ஆனால் எங்கள் பக்கத்துச் சாதாரணப் போன்களுக்குத் தமிழ் வந்து சேர இன்னும் பல வருடம் ஆயிற்று.

அந்தக் காலம் முழுக்க அம்மா வெளியேதான் நின்றாள். ஐந்தாவது வரை படித்தவள், ஆங்கில எழுத்து தெரியாது, தமிழையே விரல் வைத்து நிதானமாகத்தான் படிப்பாள். போன் கையில் இருந்தும் பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான் தவிர மற்றதெல்லாம் அவளுக்குப் பூட்டிய வீடு. அதனால்தான், 2007-ல் ஐபோன் வந்ததுதான் பெரிய திருப்பம் என்று யாராவது சொன்னால் எங்கள் வீட்டைப் பொறுத்தவரை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். எங்களுக்குத் திருப்பம் 2013. அந்த ஆகஸ்டில் வாட்ஸப்பில் அழுத்திப் பேசி அனுப்பும் மைக் பொத்தான் வந்தது. அப்புறம் 2016-ல் டேட்டா விலை சரிந்தது, ஒரு ஜிபிக்கு 200 ரூபாய்க்கு மேல் கொடுத்த நாங்கள் தினம் ஒரு ஜிபியைச் செலவழிக்கத் தெரியாமல் திகைத்தோம். அடுத்த வருடமே ஆண்ட்ராய்டில் பேசினால் தமிழில் எழுதும் வசதி. இந்த மூன்றும் சேர்ந்த பிறகுதான் அம்மாவுக்குக் கதவு திறந்தது. போன மாதம் ஆட்டுக்குக் கழிச்சல் என்றதும் யூடியூபில் மைக்கை அழுத்தி "சினை ஆட்டுக்குக் கழிச்சல் என்ன பண்ணணும்" என்று கேட்டிருக்கிறாள். திரையில் அவள் கேட்டது அச்சு எழுத்தில் வரிசையாக வந்து நின்றது. அதை விரல் வைத்துப் படித்துவிட்டு என்னிடம் சொன்னாள், "நான் பேசுனத எழுதிருச்சுடா." வாழ்க்கையில் அவள் பேச்சை யாரும் எழுதி அவள் பார்த்ததில்லை.

ஒரு குறை மட்டும் எனக்கு உண்டு. இப்போதைய போன்களில் ஒன்றுக்கு இரண்டு மைக் இருக்கிறது, பேசும்போது சுற்றுப்புறச் சத்தத்தைக் கண்டுபிடித்து வடிகட்டிவிடுகிறது. ரோட்டில் நிற்பவனுக்கு அது வரம். ஆனால் அம்மாவிடம் பேசும்போது சேவல் கேட்பதில்லை, வேப்பமரத்துக் காக்கைகள் கேட்பதில்லை. வாய்ஸ் மெசேஜில் கொஞ்சம் மிஞ்சுகிறது, அதனாலேயே அவளை மெசேஜாக அனுப்பச் சொல்லிக் கேட்கிறேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஐந்து கேசட்டையும் எடுத்தேன். டூ-இன்-ஒன்னில் பெல்ட் இற்றுப்போயிருந்தது, மதுரையில் ஒரு பெரியவர் வேறொரு செட்டிலிருந்து கழற்றிய பெல்ட்டை மாட்டிக் கொடுத்தார். ஒரு வயரைச் செருகி லேப்டாப்பில் ஓடவிட்டுப் பதிந்தேன். எல்லாம் அப்பா அனுப்பியதுதான், எங்கள் பேச்சின் மேல் அவர் பேச்சு, அதன் மேல் எங்கள் பேச்சு என்று மாறி மாறிப் பதிந்ததில் கடைசியாக நின்றது அவர் குரல். அப்பத்தா 1999-ல் போய்ச் சேர்ந்துவிட்டாள், ஒரு மொபைலைக்கூடத் தொட்டுப் பார்த்ததில்லை, அவள் குரல் எதிலும் இருக்காது என்றுதான் நினைத்திருந்தேன். நான்காவது கேசட்டில் பி பக்கம், அப்பா பேசி முடித்து நிறுத்திவிட்டார், நாடா இன்னும் கொஞ்சம் மிச்சம். அதில் அவர் பதியவில்லை. அங்கே பழையது அப்படியே இருந்தது. 38 விநாடி. நாடாவில் அளந்தால் 1.8 மீட்டர்.

போனில் ஏற்றினால் 100 கேபிகூட வரவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் போனைக் கொடுத்தேன், அவர் ஸ்பீக்கரில் போடாமல் காதில் வைத்துக்கொண்டார். "சாப்பிட்டியாப்பா?" என்று அப்பத்தா கேட்டது எனக்கும் லேசாகக் கேட்டது. அப்புறம் அந்தச் சேவல். அந்தச் சைக்கிள் மணி.

"சாப்பிட்டேன் ஆத்தா" என்றார் அப்பா.

அம்மா அவர் கையிலிருந்து போனை வாங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டே அதைக் குவைத்துக்கு அனுப்பினாள்.